பித்தவெடிப்புதானே என்று விட்டுவிடாதீர்கள்



மார்கழி பிறந்தாச்சு. காலையில எழுந்தா முகம் இழுக்குது, உதடு வெடிக்குது, கால் சொரசொரன்னு இருக்குது. "பனிக்காலம்னா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறோம். பலருக்கு அது சரி. சர்க்கரை நோய் உள்ளவர்களின் பாதத்துக்கு அந்தப் பதில் போதாது. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

குளிர்ந்த காற்றில் நீராவி குறைவு. அதனால் தோலின் ஈரம் சீக்கிரம் போய்விடுகிறது. குளிருக்கு இதமாக வெந்நீரில் குளிக்கிறோம். சூடும் சோப்பும் சேர்ந்து இருக்கிற எண்ணெய்ப் பசையையும் கழுவிவிடுகின்றன. உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது. அங்கே தோலும் தடிமன். அது காய்ந்து, உடல் எடை அழுத்தும்போது குதிகால் வெடிக்கிறது. பேர்தான் பித்தவெடிப்பு, பித்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

எங்க பெரியப்பாவுக்குப் பல வருஷமா சுகர். தைப்பூசத்துக்கு பழனிக்குப் பாதயாத்திரை போவார், செருப்பில்லாமல். ஒரு வருஷம் திரும்பி வந்த நாலாம் நாள், பாயில் கறை இருப்பதைப் பெரியம்மாதான் பார்த்தார். குதிகால் வெடிப்புக்குள் ஒரு சின்னக் கல், சுற்றிலும் சீழ். "வலிக்கவே இல்லையே" என்றார் பெரியப்பா. புண் ஆற மூன்று மாதம் ஆனது.

ஏன் வலிக்கவில்லை? சர்க்கரை நீண்டநாள் கட்டுக்குள் இல்லாவிட்டால் நரம்புகள் பாதிக்கப்பட்டு பாதம் மரத்துப்போகலாம். ரத்த ஓட்டமும் குறையலாம். அப்போது புண் வந்தது தெரியாது. வந்த புண் எளிதில் ஆறாது. முற்றினால் விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலைகூட வரும்.

என்ன செய்யலாம்? வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் குளித்து முடியுங்கள். கால் மரத்திருந்தால் சூடு தெரியாது. முழங்கையால் தொட்டுப் பாருங்கள். உடம்பைத் துடைத்த உடனே, ஈரம் முழுசா காய்வதற்குள், தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் விரல் இடுக்கில் தடவ வேண்டாம். அங்கே ஈரம் தங்கினால் பூஞ்சைத் தொற்று வரும். வெடிப்பை பிளேடால் சீவாதீர்கள். வாசல் தெளித்துக் கோலம் போடும்போதும் செருப்பு இருக்கட்டும். தினமும் இரவு பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைக் கீழே வைத்துப் பார்க்கலாம். பிள்ளைகளையும் பார்க்கச் சொல்லலாம்.

வெடிப்பில் ரத்தம், சீழ், வீக்கம், நிறமாற்றம் தெரிந்தால் கைவைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாதீர்கள். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடம் காலில் வெடிப்பு இருப்பதையும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சந்தேகம் கேட்க 104 என்ற எண்ணும் இருக்கிறது.

பெரியப்பா இப்பவும் பழனிக்குப் போகிறார். கிளம்பும் முன் டாக்டரிடம் காலைக் காட்டுகிறார். செருப்பு போட்டுத்தான் நடக்கிறார்.

இன்று ராத்திரி உங்க வீட்டுப் பெரியவர்களின் பாதத்தை ஒருமுறை பாருங்கள்.