காலி பாட்டிலுக்காகக் காத்திருந்த புளி



‘பழைய பொருள், புதிய பயன்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். யாரும் எதிர்த்துப் பேசாத தலைப்பு இது. மேடையில் இருப்பவர் சொல்வார், கீழே இருப்பவர்கள் தலையாட்டுவார்கள், டீ வந்துவிடும். எதிர்ப்பே இல்லாத இடத்தில் யோசனையும் அதிகம் இருப்பதில்லை என்பதால் ஒரு சண்டையோடு தொடங்குகிறேன். பழைய பொருளுக்குப் புதுப் பயன் கண்டுபிடிப்பது தன்னளவில் நல்ல காரியம் இல்லை. வீட்டில் ஏற்கெனவே இருந்த ஒரு தேவையை அது தீர்க்க வேண்டும். கடையில் ஒரு புதுப் பொருள் வாங்குவதைத் தடுக்க வேண்டும். இந்த இரண்டும் நடந்தால்தான் அது மறுபயன்பாடு. நடக்காவிட்டால், குப்பைக்குப் பவுடர் பூசி நடுவீட்டில் உட்கார வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

நம் சமையலறை அலமாரியை நினைத்துப் பாருங்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலில் புளி இருக்கும், அதன் பக்கத்தில் நார்த்தங்காய் இருக்கும். காலி பாட்டிலை முன்னால் வைத்துக்கொண்டு ‘இதை என்ன செய்யலாம்’ என்று யாரும் கன்னத்தில் கை வைத்து உட்காரவில்லை. புளி ஏற்கெனவே காத்திருந்தது. பித்தளையில் வைத்தால் களிம்பு ஏறும், இரும்பு டப்பாவில் வைத்தால் துருப்பிடிக்கும், காகிதப் பொட்டலத்தில் வைத்தால் கசியும். உப்பும் புளிப்பும் ஒன்றும் செய்ய முடியாத கண்ணாடி. உள்ளே இருப்பது வெளியே தெரியும், கரண்டி நுழையும் அளவுக்கு வாய், எறும்பு ஏறாத திருகுமூடி. இப்படி ஒரு பாட்டிலைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த வீட்டுக்கு, மாவு தீர்ந்ததும் அது சும்மா கிடைத்தது. 1937இல் இந்தியச் சந்தைக்கு வந்த டால்டாவின் டின்னுக்கோ வேறு விதி. தகரத்துக்கு உப்பு ஆகாது. அதனால் அடியில் ஆணியால் நாலு ஓட்டை போட்டுத் துளசி வைத்தார்கள். எந்தக் கலத்துக்கு எது ஒத்துவரும், எது ஒத்துவராது என்று பிரித்தறிந்த அறிவு அது. அதைச் சிக்கனம் என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிட்டால் பாதி போய்விடும்.

இதைவிட நல்ல சான்று வேட்டிதான். புதிதாக இருக்கும்போது அது விசேஷத்துக்கு. கரை மங்கியதும் வீட்டுக்கு. நூறு முறை துவைத்து நூல் தளர்ந்த பிறகு, பிறந்த குழந்தைக்கு விரிப்பாகிறது, இடுப்புத் துணியாகிறது. கவனியுங்கள், புதுத் துணி வாங்க முடியாததால் மட்டும் பழைய வேட்டியை எடுக்கவில்லை. புதுத் துணியின் கஞ்சி விறைப்பு பச்சைக் குழந்தையின் தோலுக்கு ஆகாது. பழைய பருத்தியின் மென்மை எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லை. இங்கே பழையது மலிவானது மட்டுமல்ல, மேலானதும்கூட. தாங்கும் வலுவுள்ள புடவை தூளியாகிறது. கிழியத் தொடங்கிய வேட்டி மொட்டைமாடியில் வடாம் பிழியப் போகிறது, பிறகு அடுப்படியில் பிடிதுணியாகிறது, கடைசித் துண்டு விளக்குத் திரியாகி எரிந்தும் போகிறது. மாநகராட்சி வண்டிக்கு மிச்சம் வைக்காத பொருள் அது. ஒவ்வொரு படியிலும் அது ஒரு புதுத் துணியை வாங்கவிடாமல் நிறுத்தியது.

இப்போது கைபேசியில் வரும் காணொளிகளைப் பாருங்கள். காலி பாட்டில் ஒன்று. அதற்கு அக்ரிலிக் பெயின்ட், பசைத் துப்பாக்கி, ஜிகினாத் தூள், சணல் கயிறு, பிளாஸ்டிக் முத்து. எல்லாம் புதிதாக வாங்கியவை. முடிவில் ஒரு பூ ஜாடி வருகிறது. அந்த வீட்டில் பூ ஜாடி கேட்டவர் யார்? சும்மா விட்டிருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போய், உடைசலாகி, உலையில் மறுபடி கண்ணாடியாகியிருக்கும். பெயின்டும் பசையும் ஒட்டியபின் அதற்கும் வழியில்லை. கலைக்கு இடமே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. சண்டிகரில் நேக் சந்த், பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்தவர், 1957 முதல் ஊர் கண்ணில் படாமல் ஒரு சிற்பத் தோட்டத்தைக் கட்டினார். 1976இல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. உடைந்த வளையல், பீங்கான், இடிபாடு என்று ஊர் வேண்டாமென்று எறிந்தவைதான் அவருடைய சரக்கு. குப்பையை அழகாக்க அவர் புதுக் குப்பையை விலைக்கு வாங்கவில்லை.

இந்த அளவுகோலை நாம் பெருமைப்படும் விஷயத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும். 2021 டிசம்பர் 23 அன்று தமிழக அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. நோக்கம் நல்லது, அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் பருத்தி விளைய நீர் வேண்டும், உரம் வேண்டும், நூற்பாலைக்கு மின்சாரம் வேண்டும். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கணக்கு இருக்கிறது. புதுப் பருத்திப் பை ஒன்றை 131 முறை பயன்படுத்தினால்தான், ஒரே ஒரு முறை பயன்படுத்தி எறிந்த மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் புவி சூடேற்றத்தில் அதன் பங்கு குறையும். கால்வாயை அடைக்கும் பிளாஸ்டிக்கும் மாட்டின் வயிற்றில் சேரும் பிளாஸ்டிக்கும் அந்தக் கணக்கில் வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிளாஸ்டிக் பைக்கு நான் வக்கீலாக வரவில்லை. நான் கேட்பது இதுதான்: விழாவுக்கு விழா புது மஞ்சப்பை அச்சிட்டுக் கொடுத்து, வீட்டில் பதினைந்து பை சேர்ந்துபோனால், ஒவ்வொன்றும் எப்போது 131ஐத் தொடும்? பழைய வேட்டியிலும் புடவையிலும் தைத்த பைக்கு வயலும் இல்லை, ஆலையும் இல்லை. அந்தக் கடன் முன்பே அடைபட்டுவிட்டது. தெருமுனைத் தையல்காரருக்குக் கொஞ்சம் கூலி கொடுத்தால் வேலை முடிந்தது.

அடுத்து, மருத்துவர்கள் பக்கத்திலிருந்து வரும் ஆட்சேபணை. இதை நான் பெரிதாகவே மதிக்கிறேன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. பழைய டயர், உடைந்த குடம், கொட்டாங்குச்சி, தொட்டிச் செடியின் அடித்தட்டு, இவற்றில் தேங்கும் தெளிந்த நீர்தான் அதற்கு வேண்டும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதும் என்பதும் தவறு. கலத்தின் உட்சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ ஆளில்லாத வீட்டில் தண்ணீர் தேங்கும் எந்தப் பழைய கலமும் இருக்கக் கூடாது. இதைவிடக் கொடிய ஆபத்தும் உண்டு. 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சாரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது தடயவியல் சோதனையில் தெரிந்தது. பூச்சிமருந்து இருந்த கலத்தில் எண்ணெயை வைத்திருந்ததாகச் சொல்லப்பட்டது. ஆகவே, பூச்சிமருந்து டப்பாவுக்கு மறுபிறவியே கிடையாது. எத்தனை முறை கழுவினாலும் கிடையாது. ஓட்டை போட்டு நசுக்கி ஒப்படைக்க வேண்டியதுதான். ஆசிட் பாட்டிலுக்கும் அதே கதி. கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டிலில் சூடான ரசம் ஊற்றிக் கட்டிக்கொடுப்பதும் வேண்டாம். குறுகிய வாய்க்குள் கை போகாது, தேய்த்துக் கழுவ முடியாது. பஜ்ஜியைச் செய்தித்தாளில் பிழிந்து கொடுப்பதை 2018இன் உணவுப் பொட்டல விதிகள் தடுக்கின்றன. அச்சு மை சாப்பாட்டில் ஏறும் என்பதுதான் காரணம். (செய்தித்தாளை இதற்காவது வாங்குகிறார்களே என்று பத்திரிகைக்காரர்கள் வேண்டுமானால் ஆறுதல் அடையலாம்.) இந்த ஆட்சேபணை என் வாதத்தை உடைக்கவில்லை, கூர்மையாக்குகிறது. புளிக்குக் கண்ணாடி, துளசிக்குத் தகரம் என்று தெரிந்த அறிவுக்கு, எதற்கு எது ஆகாது என்பதும் பாடமாக இருந்தது.

இன்னொரு ஆட்சேபணை இன்னும் கூரானது. ‘வறுமையில் செய்ததைப் பண்பாடு என்று புகழ்கிறீர்கள். பாட்டிலைக் கழுவி, லேபிளைச் சுரண்டி, வெயிலில் காயவைத்துத் துடைத்தது யார்? வீட்டுப் பெண். அவள் உழைப்புக்கு விலை வைத்தீர்களா?’ நியாயமான கேள்வி. வைக்கவில்லை. இந்த மேடைகளில் ஆண்கள் சிக்கனத்தைப் பற்றிப் பேசுவார்கள், வீட்டில் பெண்கள் அதைச் செய்வார்கள். அதனால்தான் தேவை முதலில் வர வேண்டும் என்கிறேன். தேவையில்லாத நாற்பது பாட்டிலைக் கழுவி வைப்பது வெட்டி உழைப்பு. பரணில் ஏறிய பொருள் இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை. அது தள்ளிப்போட்ட குப்பை. முந்தைய தலைமுறை எல்லாவற்றையும் பரணில் ஏற்றவும் இல்லை. பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்ற குரல் தெருவில் கேட்டதும் வேண்டாதது வாசலுக்கு வந்துவிடும். பழைய பட்டுப்புடவையின் சரிகை எவர்சில்வர் பாத்திரமாக மாறிய கதையும் அப்படித்தான். வைத்துக்கொள்ளத் தெரிந்த அளவுக்கு விட்டுவிடவும் தெரிந்திருந்தது. கழுவுகிற வேலையை யார் செய்வது என்பதை இன்று இரவே வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்; அதற்கு மாநாடு தேவையில்லை.

‘இப்போதைய தலைமுறை எறிந்துவிடுகிறது’ என்ற குற்றச்சாட்டையும் நான் ஏற்கவில்லை. எறியாமல் என்ன செய்வது? கடையிலிருந்து வருவது பாட்டில் இல்லை, பொட்டலம். ஷாம்பூவைச் சிறு பொட்டலத்தில் விற்கும் வழியில் நம் கடலூர் சின்னி கிருஷ்ணன் முன்னோடி. பெரிய பாட்டில் வாங்க முடியாதவர் தலைக்கும் ஷாம்பூ எட்டியது அதனால்தான்; அந்த மூளையை வணங்குகிறேன். ஆனால், ஒட்டிய அடுக்குகளைப் பிரிக்க முடியாத அந்தத் துண்டில் எந்தப் பாட்டியாலும் எதையும் போட்டு வைக்க முடியாது. கலத்தின் இரண்டாம் பிறவி அதைத் தயாரிப்பவர் மேசையிலேயே முடிவாகிவிடுகிறது. 1963இல் ஹைனெகன் மது நிறுவனம், குடித்தபின் செங்கல்போல அடுக்கி வீடு கட்டும்படி ஒரு சதுரப் பாட்டிலைச் செய்து பார்த்தது. கட்டடக் கலைஞர் ஹாப்ராகன் வடிவமைத்தார். சோதனைக்குமேல் அது போகவில்லை. நல்ல கற்பனைதான், ஆனால் பாட்டிலுக்குச் செங்கல் வேஷம் எதற்கு? பாட்டிலுக்கு மிக நல்ல மறுபயன் மறுபடி பாட்டிலாக இருப்பது. உலைக்கு அனுப்பினாலும் ஏறக்குறைய 1500 டிகிரி வெப்பம் வேண்டும். நூற்றுக்குப் பத்துப் பங்கு உடைசல் சேர்த்தால் மிச்சமாகும் எரிபொருள் நூற்றுக்கு மூன்று பங்குக்குள்தான். கழுவி நிரப்பச் சில வாளி வெந்நீர் போதும். 1872இல் ஹிராம் காட் காப்புரிமை பெற்ற பாட்டில், நம் ஊரில் கோலி சோடாவாகக் கடைக்கும் கம்பெனிக்கும் போய்ப்போய் வந்தது இந்தக் கணக்கில்தான். காலியைத் திருப்பித் தராதவரைக் கடைக்காரர் விடமாட்டார். 2022 மே மாதம் நீலகிரியில், உயர் நீதிமன்ற உத்தரவையொட்டி, மதுபாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலியைக் கொடுத்தால் திருப்பித் தரத் தொடங்கினார்கள். காட்டில் உடைந்த பாட்டில் யானையின் பாதத்தைக் கிழிக்கக் கூடாது என்ற கவலைதான் அதன் பின்னணி. குடித்தவரிடம் யாரும் ஒழுக்கம் போதிக்கவில்லை. பாட்டிலுக்கு விலை வைத்தார்கள், பாட்டில் திரும்பி வந்தது. இதே பத்து ரூபாய் ஊறுகாய் பாட்டிலுக்கும் ஜாம் பாட்டிலுக்கும் ஏன் கூடாது என்று நம் சட்டமன்ற உறுப்பினர்களைக் கேட்கலாம்.

நேரம் ஆகிவிட்டது என்று அவைத் தலைவர் பார்வையிலேயே சொல்கிறார். மேசைமேல் மடித்து வைத்திருக்கும் பொன்னாடையையும் பார்த்துவிட்டேன். பாலியஸ்டரில் மின்னும் சரிகை. ஈரத்தை உறிஞ்சாது, குழந்தைக்குக் குத்தும், வடாம் ஒட்டும், திரியாகத் திரித்தால் உருகும். இதுவரை பேசியதைக் கேட்டிருந்தால், அதை எனக்குப் போர்த்தமாட்டீர்கள் என்று நம்புகிறேன். அடுத்த கூட்டத்துப் பேச்சாளருக்கு ஒரு கைத்தறித் துண்டு வாங்கி வையுங்கள்; அவர் வீட்டில் அதற்கு வேலை காத்திருக்கும்.