அத்தை வீட்டுச் சத்தம்

(நமது சங்கத்தின் மகளிர் தினக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

புகுந்த வீட்டைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொன்னார் செயலாளர். புகார்ப் பட்டியலை எதிர்பார்த்திருப்பார். என்னிடம் அது இல்லை.

பொங்கலுக்கு நான்கு நாள் கும்பகோணத்தில் அத்தை வீட்டில் இருந்தோம். என் கணவர், அவருடைய அக்கா, தம்பி மூவரும் சேர்ந்தால் தெருவுக்கே கேட்கும். பொங்கல் சீர் குறைந்துவிட்டது என்று கேலி செய்தே தம்பிகளிடம் ஒரு பட்டுப்புடவை கறந்துவிட்டார் நாத்தனார்!

அன்றிரவு சாப்பிடும்போது, அத்தை இனி யாரிடம் இருப்பது என்ற பேச்சு வந்தது. குரல்கள் உயர்ந்தன. எனக்குப் பயமாகிவிட்டது. அத்தை ரசம் ஊற்றிக்கொண்டே, "என்னை வச்சுக்கிட்டே பேசுங்க. அப்பத்தான் எங்க வரமாட்டேன்னு நான் சொல்ல முடியும்" என்றார்.

கண் ஆபரேஷன் முடியும்வரை மகளிடம். பிறகு சொந்த வீட்டிலேயே. மகன்கள் மாறி மாறி வர வேண்டும். செலவு மூன்று பங்கு. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் மகன், மகள் என்று பிரிக்கவில்லை. நாத்தனார் சட்டம் படித்தவரில்லை, தன் பங்கைத் தானே கேட்டு வாங்கினார். பத்து நிமிடத்தில் மூவரும் சீட்டாட உட்கார்ந்துவிட்டார்கள்.

நானும் என் அண்ணனும் சண்டையே போட்டதில்லை. ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். "சௌக்கியமாம்மா?" "சௌக்கியம்ணே." எங்கள் வீட்டு மரியாதை அப்படி. அப்பாவுக்கு 78 வயது, தனியாக இருக்கிறார். அதைப் பற்றி இருவரும் வாய் திறந்ததில்லை.

வரும் ஞாயிறு அண்ணன் இங்கே வருகிறார். அப்பாவையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன். சத்தம் கேட்டால் பக்கத்து பிளாட்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.