சதுரங்க வல்லுநர் ஹாரி கோலம்பெக்

(வெள்ளி விழாவையொட்டி மாணவர் விடுதியில் ஆற்றிய உரை)



நாளை இவ்விடுதியில் சதுரங்கப் போட்டி தொடங்குகிறது. அதற்கு முன்னதாகச் சதுரங்க வீரர் ஒருவரைப் பற்றிப் பேசவேண்டும் என்று விழாக் குழுவினர் நம்மைக் கேட்டுக்கொண்டனர். விசுவநாதன் ஆனந்தைப் பற்றி நாம் பேசுவோம் என்று அவர்கள் எண்ணியிருக்கக் கூடும். ஆனந்தின் பெருமையை நீங்கள் நம்மைவிட நன்றாக அறிவீர்கள். நாம் எடுத்துக்கொண்டிருப்பவரோ உங்களுள் பெரும்பாலோர் பெயரும் கேட்டிராத ஓர் இங்கிலாந்துக்காரர். ஹாரி கோலம்பெக் என்பது அவர் பெயர். உலகப் பட்டத்தை வென்றவரும் அல்லர், அதை நெருங்கியவரும் அல்லர். அவரை ஏன் தேர்ந்தோம் என்பதைச் சொல்லப் புகுந்தால், முதலில் நம்முடைய பிழை ஒன்றை இந்த அவையில் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

சற்றேறக்குறைய 25 ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. நாம் அப்போது ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் உதவி ஆசிரியராக இருந்தோம். அங்கிருந்த விடுதி மாணவர்களுக்கு ஓய்வு நேரத்தில் சதுரங்கம் கற்றுக்கொடுத்தோம். பலகை ஒன்றே ஒன்று. காணாமற்போன யானைக்குப் பதிலாக ஒரு சோடா மூடியை வைத்து ஆடுவோம். அவர்களுள் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் நம்மையே மூன்று மாதத்தில் தோற்கடிக்கலானான். மகிழ்ந்துபோய் அவனைப் பள்ளிகளுக்கிடையிலான போட்டி ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். இரண்டு சுற்றுகளை வென்றான். மூன்றாம் சுற்றில் எதிரியிடம் ஒரு யானை அதிகம். நம் பையன் கலங்கவில்லை. தன் ராணியைக் கொண்டு எதிரியின் ராஜாவுக்கு மீண்டும் மீண்டும் முற்றுகை வைத்தான். ராஜா இரண்டு கட்டங்களுக்கிடையே போவதும் வருவதுமாக இருந்தது. ஆட வேண்டியவரும் மாறாமல் ஒரே நிலை மூன்று முறை பலகையில் வந்துவிட்டால், ஆட்டம் சமன் என்று கோரலாம் என்பது விதி. அவன் கையை உயர்த்தினான். நடுவர் வந்தார். “எங்கே உன் குறிப்புத் தாள்?” என்று கேட்டார். தாளில் ஒன்பது நகர்த்தல்கள் மட்டுமே எழுதப்பட்டிருந்தன. அதன்பின் வெள்ளை. எதிரே இருந்த மாணவனோ, மூன்று முறை வரவில்லை என்று மறுத்தான். ஆட்டம் தொடரட்டும் என்று சொல்லி நடுவர் போய்விட்டார். கைகள் நடுங்கிய நிலையில் நம் பையன் ராணியைத் தவறான கட்டத்தில் வைத்துப் பறிகொடுத்தான். பார்வையாளர்களுள் ஒருவர், “இவர்களுக்குக் கபடி போதாதா?” என்று நம் காதில் விழும்படியே சொன்னார்.

அந்தச் சொல் நம்மை விட்டு இன்னும் நீங்கவில்லை. ஆனால் நடுவர்மீது நாம் பழி கூறமாட்டோம். அவர் விதிப்படிதான் கேட்டார். காய் நகர்த்தக் கற்றுக்கொடுத்த நாம், நகர்த்தியதை எழுதக் கற்றுக்கொடுக்கவில்லை. பிள்ளை உண்மையைச் சொன்னான். அதை மெய்ப்பிக்கக் கையில் ஏடு இல்லை. நிலமாயினும், கூலிக் கணக்காயினும், ஏடு இல்லாமையால் இழந்த வரலாறு நம் குடும்பங்களில் ஒன்றா, இரண்டா?

ஊர் திரும்பிய சில வாரங்களில் பழைய புத்தகக் கடை ஒன்றில் பெங்குயின் பதிப்பகத்தாரின் மெல்லட்டைப் புத்தகம் ஒன்று கிடைத்தது. ‘சதுரங்க ஆட்டம்’ என்பது அதன் பெயரின் பொருள். முதலில் 1954இல் வெளிவந்தது. எழுதியவர் கோலம்பெக். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் படித்தோம். பழைய முறைக் குறிமானத்தில் அச்சிட்ட புத்தகம் அது. அந்த முறையில் வெள்ளைக்காரர் தம் பக்கத்திலிருந்தும் கறுப்புக்காரர் தம் பக்கத்திலிருந்தும் எண்ணுவர். ஆகவே ஒரே கட்டத்திற்கு இரண்டு பெயர்கள். (வெள்ளைக்காரர் என்று நாம் இங்கே சொல்வது வெள்ளைக் காய்களை ஆடுபவரை!) கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரே பெயர் வழங்கும் இன்றைய முறையைத்தான் 1981 முதல் பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பு ஏற்கிறது. யார் பக்கமிருந்து பார்த்தாலும் பெயர் மாறாத கட்டம் என்பது நமக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

இனி அவர் வரலாற்றுக்கு வருவோம். கோலம்பெக் 1911ஆம் ஆண்டு மார்ச்சு 1ஆம் நாள் லண்டனில் பிறந்தார். போலந்திலிருந்து குடியேறிய யூதர்கள் அவருடைய பெற்றோர். கேம்பர்வெல் பகுதியிலிருந்த வில்சன் இலக்கணப் பள்ளியிலும், பின்னர் லண்டன் கிங்ஸ் கல்லூரியிலும் பயின்றார். 1929இல் லண்டன் நகரச் சிறுவர் பட்டத்தை வென்றார். 1938இல் ‘பிரிட்டிஷ் சதுரங்க இதழ்’ என்னும் புகழ்பெற்ற ஏட்டின் ஆசிரியரானார். அப்போது அவருக்கு வயது 27.

1939ஆம் ஆண்டு ஆகஸ்டில், அர்ஜென்டினாவின் தலைநகரான புவெனஸ் அயர்சில் சதுரங்க ஒலிம்பியாடு தொடங்கியது. கோலம்பெக் இங்கிலாந்து அணியில் இருந்தார். போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே செப்டம்பர் 1ஆம் நாள் செருமானியப் படை போலந்துக்குள் புகுந்தது. இரண்டாம் உலகப் போர் மூண்டது. இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்றிருந்தும் இங்கிலாந்து அணி போட்டியிலிருந்து விலகியது. கோலம்பெக்கும் அவருடைய தோழர்களும் தாயகம் திரும்பினர்.

அதே போட்டிக்குப் போலந்து அணியில் வந்திருந்த நாய்டார்ஃப் என்னும் யூத வீரர் அர்ஜென்டினாவிலேயே தங்கிவிட்டார். போலந்தில் இருந்த அவருடைய குடும்பத்தார் நாஜிகளின் கொடுமைக்கு இரையாயினர். அவர்கள் கதி தெரியாத நிலையில், 1943இல் பலகையைப் பாராமலே 40 பேருடன் ஒரே வேளையில் ஆடினார் நாய்டார்ஃப். அச்செய்தி உலக நாளேடுகளில் வந்தால், தம்மவர் எவரேனும் படித்து, தாம் உயிரோடிருப்பதை அறிவர் என்ற நம்பிக்கையே அதற்குக் காரணம். எவரும் அறியவில்லை. பிறப்பைக் காரணமாக வைத்து மனிதரை அழிக்கும் கொடுமை எந்த நாட்டில் நடந்தாலும் அதன் வேர் ஒன்றே என்பதை இந்த அவைக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

இங்கிலாந்து திரும்பிய சதுரங்க வீரர்களுக்கு வேறொரு பணி காத்திருந்தது. பகைவரின் இரகசியச் செய்திகளை அவிழ்க்கும் பிளெட்ச்லி பார்க் என்னும் நிலையத்தில் அலெக்சாண்டர், மில்னர்-பாரி, கோலம்பெக் ஆகிய மூவரும் சேர்ந்தனர். செருமானியக் கடற்படையின் எனிக்மா குறியீடுகளை உடைத்த 8ஆம் குடிலில் கோலம்பெக் பணியாற்றினார். கணிப்பொறி இயலின் தந்தையர்களுள் ஒருவராகிய ஆலன் டூரிங்கும் அங்கே இருந்தார். டூரிங் பேரறிஞர், சதுரங்கத்தில் மட்டும் கெட்டிக்காரர் அல்லர். ஒருமுறை டூரிங் தோல்வியை ஒப்புக்கொண்டவுடன், கோலம்பெக் பலகையைத் திருப்பி வைத்து, டூரிங் கைவிட்ட அதே காய்களைத் தாம் எடுத்து ஆடி வென்றார் என்று ஒரு கதை வழங்குகிறது. கணக்கில் தோற்றுவிடுவோம் என்று தேர்வுக்கு முன்பே எழுதுகோலை வைத்துவிடும் நம் பிள்ளைகளுக்கு இதை நாம் அடிக்கடி சொல்வதுண்டு.

போர் முடிந்தபின் 1947, 1949, 1955 ஆகிய மூன்று ஆண்டுகளில் பிரிட்டிஷ் பட்டத்தை வென்றார். 1935 முதல் 1962 வரை ஒன்பது ஒலிம்பியாடுகளில் ஆடினார். உலகப் பட்டத்திற்கான மண்டலங்களிடைப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் பிரிட்டிஷ் வீரரும் அவரே. 1952இல் ஸ்டாக்ஹோமில் நடந்த அப்போட்டியில் பின்வரிசையில்தான் முடித்தார். ஆட்டக்காரர் என்ற அளவில் அவர் எல்லை அதுவே.

ஆனால் அவர் எழுதினார். 1945 முதல் நாற்பது ஆண்டுக் காலம் லண்டன் ‘டைம்ஸ்’ நாளேட்டில் சதுரங்கப் பகுதியை எழுதினார். 1947இல் காப்பாபிளாங்காவின் சிறந்த நூறு ஆட்டங்களைத் தொகுத்து விளக்கினார். 1948இல் ஹேக், மாஸ்கோ நகரங்களில் நடந்த உலகப் பட்டப் போட்டியைப் பற்றி ஒரு நூல் செய்தார். கெரெசும் கோட்டோவும் உருசிய மொழியில் எழுதிய நடு ஆட்ட நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1976இல் சதுரங்க வரலாறு, 1977இல் சதுரங்கக் கலைக்களஞ்சியம் என்று அவர் உழைப்பு நீண்டது. சதுரங்கப் பணிக்காக அரசின் ஓ.பி.ஈ. விருதைப் பெற்ற முதல் மனிதர் அவர், ஆண்டு 1966.

எழுத்தின் பெருமையை அறிய இன்னொரு வீரரை அவருக்கு அருகில் நிறுத்திப் பார்க்க வேண்டும். கோலம்பெக் இளைஞராக இருந்த காலத்தில் 1929, 1932, 1933 ஆகிய மூன்று முறை பிரிட்டிஷ் பட்டத்தை வென்றவர் மீர் சுல்தான் கான். பஞ்சாபில் பிறந்தவர். சர் உமர் ஹயாத் கான் என்னும் பெருநிலக்கிழாரின் பரிவாரத்தில் ஒருவராக லண்டன் சென்றவர். ஹேஸ்டிங்சில் 1930-31இல் நடந்த போட்டியில் காப்பாபிளாங்காவையே வீழ்த்தினார். ஆட்டத் திறத்தில் கோலம்பெக்கைவிட உயர்ந்தவர் என்பதில் ஐயமில்லை. 1933இல் அந்நிலக்கிழார் நாடு திரும்பியபோது இவரும் திரும்பினார். அத்துடன் உலக அரங்கிலிருந்து மறைந்தார். 1966இல் இறந்தார். கிராண்ட்மாஸ்டர் என்னும் மதிப்புப் பட்டம் 2024இல்தான் அவருக்கு வழங்கப்பட்டது. தம் ஆட்டத்தைத் தாமே விளக்கி அவர் எழுதிய நூல் ஒன்றுமில்லை. அவர் என்ன நினைத்து ஆடினார் என்பதைப் பிறர் எழுதியதைக் கொண்டே நாம் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

கோலம்பெக்கின் மூன்றாவது பணி நடுவர் பணி. 1959இல் யூகோசிலாவியாவில் நடந்த தகுதிப் போட்டிக்கு அவர் நடுவராயிருந்தார். எட்டு வீரர்கள், 28 சுற்றுகள். மிகயீல் தால் முதலிடம் பெற்றார். பதினாறு வயதுப் பாபி ஃபிஷரும் ஆடினார். தாலின் கூர்ந்த பார்வை தம்மை மயக்குகிறது என்று பென்கோ என்ற வீரர் கறுப்புக் கண்ணாடி அணிந்து வந்து அமர்ந்தார், அப்படியும் தோற்றார். இவ்வாறான வேடிக்கைகளையும் முகம் மாறாமல் பார்த்திருப்பது நடுவர் வேலையில் சேர்ந்ததே.

1963இல் மாஸ்கோவில் உலகப் பட்டத்திற்காகப் போட்வின்னிக்கும் பெட்ரோசியனும் மோதினர். நடுவர்களுள் ஒருவர் கோலம்பெக். இந்தப் போட்டியைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்ல விரும்புகிறோம். போட்வின்னிக் மின்பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். நாடே போற்றிய அறிஞர். பெட்ரோசியனோ, திபிலிசி நகரில் ஓர் ஆர்மீனியக் காவற்பணியாளரின் மகன். போர்க்காலத்தில் பெற்றோரை இழந்து, வயிற்றுப்பாட்டுக்காகத் தெருக் கூட்டிய சிறுவன். தனக்குக் கிடைத்த உணவுப் பங்கீட்டைக் கொடுத்து நிம்சோவிச் எழுதிய சதுரங்க நூலை வாங்கிப் படித்தவன். அந்நாட்களிலேயே அவன் செவித்திறன் குன்றத் தொடங்கியது. துடைப்பம் பிடித்த அந்தக் கை, 22 ஆட்டங்களில் ஐந்தில் வென்று, இரண்டில் தோற்று, மற்றவற்றைச் சமன் செய்து, உலகப் பட்டத்தைக் கைப்பற்றியது.

அக்காலத்தில் ஐந்து மணி நேரத்தில் முடியாத ஆட்டத்தை மறுநாளைக்கு நிறுத்தி வைப்பர். நிறுத்தும்போது ஆட வேண்டியவர் தம் அடுத்த நகர்த்தலைப் பலகையில் ஆடாமல், தாளில் இரகசியமாக எழுதி உறையிலிட்டு ஒட்டி நடுவரிடம் கொடுப்பார். மறுநாள் நடுவரே அதைப் பிரித்துக் காயை நகர்த்துவார். எண்ணிப் பாருங்கள். இரண்டு பேரின் வாழ்நாள் உழைப்பு ஓர் இரவு முழுவதும் ஓர் உறைக்குள் இருக்கிறது. அதை வைத்திருப்பவர் எவர் பக்கமும் சாயமாட்டார் என்று இருவருமே நம்புகின்றனர். அந்த நம்பிக்கைக்கு உரியவராகப் போரில் பகைவர் மறைமொழியை உடைத்த ஒருவர் அமர்ந்திருந்தார் என்பதை நினைக்கும்போது நமக்குச் சிரிப்பும் வருகிறது. கணிப்பொறிகள் வலுத்தபின், 1990களில் இந்த வழக்கம் மறைந்துவிட்டது.

நடுவருக்குக் கைதட்டுவோர் இல்லை. ஆனால் விதியைப் பிறர் வாயிலாகக் கேட்டு நடப்பவருக்கும், விதியைத் தாமே படித்துக் கையில் வைத்திருப்பவருக்கும் உள்ள தொலைவை நம் பெரியோர் அறிவர். விளையாட நம் பிள்ளைகளை அனுப்ப இன்று பல பெற்றோர் முன்வருகின்றனர். நடுவர் தேர்வு என ஒன்று உண்டு, அதை எழுதித் தேறினால் மாநில, தேசியப் போட்டிகளில் அந்த நாற்காலியில் அமரலாம் என்பதை எத்தனை பேர் அறிவோம்?

கோலம்பெக்குக்கு 1985இல் மதிப்புறு கிராண்ட்மாஸ்டர் பட்டம் கிடைத்தது. 1995ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள் தமது 83ஆம் வயதில் மறைந்தார்.

அன்று ராணியைப் பறிகொடுத்த மாணவன் என்னவானான் என்று கேட்பீர்கள். சதுரங்கத்தை விட்டுவிட்டான். நாம் எவ்வளவோ அழைத்தும் மீண்டும் பலகை முன் அமரவில்லை. படித்தான்; இன்று கருவூலத்தில் பணிபுரிகிறான். நாளைய போட்டிக்குப் பத்துப் பலகைகளும் காய்களும் வாங்கித் தந்திருப்பவன் அவனே. பெயரைச் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டான். எல்லாப் பலகையிலும் யானைகள் முழுமையாக இருக்கின்றன, எண்ணிப் பார்த்துவிட்டோம்.

போட்டி நாளை மாலை 4 மணிக்குத் தொடங்கும். தொட்ட காயை ஆடியே தீரவேண்டும். பதினோராம் வகுப்பு மாணவியர் இருவர் நடுவராயிருப்பர். இரண்டு மாதமாக விதிநூலைப் படித்திருக்கின்றனர். அவர்கள் தீர்ப்பில் நாமும் தலையிடமாட்டோம். குறிப்புத் தாள் இங்கே தரப்படும். பென்சில் மட்டும் அவரவர் கொண்டு வருக.