விமானத்துக்கு அடியில் ஒரு குழாய்

விமான நிலையத்தை விரிவாக்கும்போது எரிபொருள் குழாய்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். "அதுல என்ன சார் பெரிசா இருக்கு?" என்பார்கள். சுரபயா கதையைச் சொல்வேன்.

இந்தோனேசியாவின் அந்த நிலையத்தில் விமான நிறுத்துமிடத்தை நீட்டித்தபோது, தரைக்கடிக் குழாய்க்குள் உப்புநீர் புகுந்தது. சரியாகக் கழுவாமலே திறந்துவிட்டார்கள். தண்ணீரைப் பிடிக்கவேண்டிய வடிகட்டியின் துகள்களே எரிபொருளில் கலந்தன. 2010 ஏப்ரல் 13 அன்று ஹாங்காங் போன கத்தே பசிபிக் ஏர்பஸ் ஏ330-இல் இரண்டு என்ஜினும் சொன்னபடி கேட்கவில்லை. ஒன்றின் வேகத்தைக் குறைக்கவே முடியவில்லை. உள்ளே 322 பேர். சுமார் 230 நாட் வேகத்தில் இறக்கினார்கள். பிழைத்தார்கள்!

திறப்புவிழா நெருங்குது, கையெழுத்துப் போடுங்க என்பார்கள். கழுவி எடுத்த எரிபொருளைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி நானே பார்ப்பேன். கலங்கலா? மறுபடி கழுவச் சொல்வேன். திட்டுவாங்க, திட்டட்டும்.