நீங்காத கவலையும் நாம் தேட வேண்டிய மருத்துவமும்

(அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில், இலவச மருத்துவ முகாமின் பெண் மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சர்க்கரை, இரத்த அழுத்தம் பற்றியெல்லாம் இங்கே பலமுறை பேசியிருக்கிறோம். இன்று பேச எடுத்துக்கொண்டது நம் வீடுகளில் இருந்தும் நாம் பெயர் சொல்லத் தயங்குகிற ஒரு நோய். மனச்சோர்வு. டிப்ரெஷன் என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

முகாமுக்கு வரும் தாய்மார்கள் பலர் தலைவலி என்பார்கள், உடம்பெல்லாம் வலி என்பார்கள், வாயுத்தொல்லை, படபடப்பு என்பார்கள். இரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி. எல்லாம் சரியாக இருக்கும். "ராத்திரி தூக்கம் வருதாம்மா?" என்று ஒரு கேள்வி கேட்டால் கண்ணீர் வந்துவிடும். கணவர் வளைகுடாவில் இருப்பார். வீட்டில் வயதான மாமியார், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், கடன். யாரிடமும் சொல்ல முடியாத பாரம் உடம்பு வலியாக வந்து நிற்கிறது. ஆண்கள் இந்த அளவுக்கும் வருவதில்லை. கடையைத் திறக்க மனமில்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல், ஜமாஅத் தொழுகைக்கு வருவது நின்றுபோகிறது. வீட்டார் அதைச் சோம்பல் என்று நினைக்கிறார்கள்.

கவலை வேறு, மனச்சோர்வு வேறு. வீட்டில் ஒரு மவுத் நடந்தால், வியாபாரத்தில் நஷ்டம் வந்தால், மகளுடைய சம்பந்தம் முறிந்தால் மனம் உடையத்தான் செய்யும். பெரும்பாலும் நாளாக நாளாக அது ஆறும். இடையிடையே பேரப்பிள்ளையின் சிரிப்பில் மனம் லேசாகும். மனச்சோர்வில் அப்படி லேசாவதில்லை. இரண்டு வாரத்துக்கு மேலாக, ஏறக்குறைய தினமும், நாளின் பெரும்பகுதி மனம் இருண்டு கிடந்தாலோ, முன்பு ஆசையாகச் செய்த எதிலும் நாட்டம் இல்லாமல் போனாலோ கவனியுங்கள். அதோடு தூக்கம் கெடும் அல்லது அளவுக்கு மீறும். பசி மாறும். உடல் அசதி நீங்காது. ஒரு பக்கம் ஓதக்கூட மனம் நிற்காது. "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம் வரும். வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றும். இவற்றில் பல சேர்ந்து வந்து அன்றாட வேலை தடைபட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

"தொழுகையாளிக்கு இது வருமா? ஈமான் குறைவினால்தானே இது?" என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. யூசுஃப் (அலை) அவர்களைப் பிரிந்த துயரத்தில் யஅகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போனதைக் குர்ஆன் சொல்கிறது. ஒரு நபியின் ஈமானில் குறை காண யாருக்குத் துணிவு வரும்? கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் மரணித்த ஆண்டை துக்க ஆண்டு என்றே நம் வரலாறு அழைக்கிறது. மகன் இப்ராஹீம் மரணித்தபோது நபி (ஸல்) அவர்கள் கண்ணீர் வடித்தார்கள். துக்கத்தில் இருப்பவருக்கு 'தல்பீனா' என்ற வாற்கோதுமைக் கஞ்சி கொடுக்க ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னதாக புகாரியில் இருக்கிறது. மன வேதனைக்கு உடலையும் பார்க்க வேண்டும் என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல.

கி.பி. 934-இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், உடல் நலம், மன நலம் இரண்டையும் சேர்த்து ஒரு நூல் எழுதினார். காரணம் தெரிந்த துக்கம், காரணமே தெரியாத துக்கம் என்று இரண்டாகப் பிரித்தார். முதலாவதற்குப் பேச்சும் சிந்தனையும் மருந்து என்றார். இரண்டாவது உடலிலிருந்து வருவது, அதற்கு உடல் வைத்தியம் வேண்டும் என்றார். கெய்ரோவில் 1284-இல் கட்டி முடிக்கப்பட்ட மன்சூரி மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கென்று தனிப் பகுதியே இருந்தது.

அடுத்து, ஓதிப் பார்ப்பது. துஆ கேளுங்கள், குர்ஆன் ஓதுங்கள். அதை வேண்டாம் என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை. ஆனால் கண்ணேறு, ஜின், செய்வினை என்று ஊர் ஊராக அலைந்து மாதங்களைக் கழித்துவிட்டு, நோய் முற்றிய பிறகு வராதீர்கள். "மாத்திரையை நிறுத்து" என்று சொல்பவரிடம் மறுபடி போகாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் இறந்தார்கள். அவர்களும் யாரோ ஒருவரின் பிள்ளைகள்தான். இன்று மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்கிறது. அதே ஏர்வாடியில் தர்காவுக்கு வருபவர்களுக்கு அரசு மனநல மருத்துவர்கள் சிகிச்சை தரும் ஏற்பாடும் பின்னர் வந்தது. அதன் பெயர் 'தவா–துஆ'. மருந்தும் துஆவும்.

எங்கே போவது? முதலில் உங்கள் குடும்ப மருத்துவரிடமே சொல்லலாம். தைராய்டு குறைவும் இரத்தசோகையும் மனச்சோர்வு போலவே தோன்றும். அதனால் அவற்றைப் பரிசோதிப்பார். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளியே போக முடியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். டெலி மானஸ் என்ற அரசுச் சேவை இது. இரவு பகல் எந்நேரமும், கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம்.

அங்கே என்ன செய்வார்கள் என்ற பயம் வேண்டாம். உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். நோய் லேசாக இருந்தால் சில அமர்வுகள் ஆலோசனையே போதுமானதாக இருக்கலாம். கூடுதலாக இருந்தால் மாத்திரை தருவார்கள். இந்த மாத்திரை சர்க்கரைக்கு இனிப்பு சாப்பிட்டதுபோல உடனே தெரியாது. பலன் தெரியவே இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு இன்னும் கூடுதலாகவும் ஆகும். ஐந்து நாளில் "ஒன்றும் கேட்கவில்லை" என்று விட்டுவிடுவதும், நன்றாகிவிட்டது என்று தாமே நிறுத்துவதும்தான் நாங்கள் அதிகம் பார்க்கிற தவறுகள். குணமான பிறகும் சில மாதங்கள் தொடர வேண்டும். பிறகு மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் போதைப்பழக்கம்போலப் பிடித்துக்கொள்பவை அல்ல. ரமளான் வருமுன் மருத்துவரிடம் சொன்னால் ஸஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்றபடி நேரத்தை மாற்றித் தர முடியுமா என்று பார்ப்பார். நோன்பு வைக்க முடியாத நிலை என்றால் நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகையை ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"வெளியே தெரிந்தால் மகளுக்கு மாப்பிள்ளை அமையாதே" என்று அஞ்சும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. சிகிச்சை விவரத்தை இரகசியமாக வைக்கச் சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது. நிக்காஹ் ஆனால் சரியாகிவிடும் என்று சிகிச்சை தராமல் கட்டிக்கொடுப்பதுதான் இரண்டு குடும்பத்துக்கும் கேடு. பிள்ளை பெற்ற பெண்களையும் கவனியுங்கள். பிரசவமான சில நாளில் வரும் அழுகை, இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும். அதற்கு மேலும் நீடித்தால், பிள்ளையைத் தூக்கவே மனம் வராவிட்டால், நாற்பது கழியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று, மிக முக்கியமானது. யாராவது "நான் போய்ச் சேர்ந்துவிட்டால் நல்லது" என்று சொன்னால் அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. பேச வழி கிடைக்கும். அந்த நேரத்தில் ஹராம், நரகம் என்று பயான் செய்யாதீர்கள். அவர் ஏற்கெனவே தன்னைப் பாவி என்று எண்ணிக்கொண்டிருப்பார். தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து, எலிமருந்து, மிச்சமிருக்கும் மாத்திரைகளை அப்புறப்படுத்துங்கள். அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் மறைக்கவும் வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும் என்கிறது 2017 சட்டம். அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. "எழுந்து வேலையைப் பார்" என்று ஏசாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், சொல்வதைக் கேளுங்கள். அஸருக்குப் பிறகு கொஞ்ச தூரம் நடக்கக் கூட்டிப் போங்கள். மாத்திரை நேரத்தை நினைவூட்டுங்கள். முதல் முறை மருத்துவரிடம் போகும்போது ஒருவர் துணைக்குப் போங்கள். துணைக்கு ஆள் இல்லாத சகோதரிகள் முகாம் நாளில் என்னிடம் தனியாக வந்து சொல்லலாம். தலைவலி என்று சீட்டு எழுதிக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை, உள்ளே வந்து பேசுங்கள்.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.