சவ்வில் அழுக்குப் படியாதிருக்க



தாமரையிலையில் நீரும் ஒட்டாது, அழுக்கும் ஒட்டாது. ஆனால், கடல்நீரைக் குடிநீராக்கும் மென்சவ்வுக்கு அவ்வழி பொருந்தாது. நீரை விலக்கினால் அதனூடே நீர் எங்ஙனம் புகும்?

நீரிலுள்ள புரதங்களும் நுண்ணங்கிகளும் சவ்வின்மீது படிந்து வழியை அடைக்கின்றன. அமுக்கத்தைக் கூட்ட நேர்வதால் மின்செலவு ஏறுகின்றது. குளோரீன் கிருமிகளைக் கொல்லும். இன்று பெரிதும் வழங்கும் பொலியமைட்டுச் சவ்வையும் சிதைத்துவிடும்.

ஆதலால், அறிஞர் சவ்வின் மேற்பரப்பையே மாற்ற முயல்கின்றனர். பொலிஎதிலீன் கிளைக்கோல் போன்ற, நீரை விரும்பும் பொருள்களை அதன்மேற் பிணைக்கின்றனர். அவை நீர் மூலக்கூறுகளை இறுகப் பற்றி மெல்லிய நீர்ப்படலமொன்றை அமைக்கும். அப்படலத்தை விலக்கி அழுக்கு ஒட்டுதல் எளிதன்று. பூச்சுத் தடித்தால் நீரோட்டம் குன்றும் என்பதையும் மறத்தலாகாது. முன்வடித்தலும் கழுவுதலும் பின்னரும் வேண்டும்.

தாமரையிலை நீரை விலக்கித் தூய்மை காக்கின்றது. சவ்வோ நீரைப் பற்றிக்கொண்டே தூய்மை காக்க வேண்டும்.