இனாமா? கூலியா?

(அருப்புக்கோட்டைக் கூட்டத்தில் பேசியது)

 

திருச்சுழிக் கரிசலில் மழை பொய்த்தால் நம் பிள்ளைகள் பட்டணத்து ஓட்டலுக்குத்தான் வேலைக்குப் போகிறார்கள். சாப்பிட்டு எழுந்தவர் தட்டில் 5 ரூபாய் போட்டுவிட்டுத் தர்மம் செய்ததாக நினைக்கிறார். நான் கேட்கிறேன், நாளெல்லாம் நின்று பரிமாறினவருக்குக் கொடுப்பது தர்மமா, கூலியா? கூலியென்றால் கொடுக்க வேண்டியவர் முதலாளியல்லவா? குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948லேயே வந்ததே!

பெரிய ஓட்டல்களிலோ 'சர்வீஸ் சார்ஜ்' என்று பில்லிலேயே சேர்த்தார்கள். கோயிலிலாவது தட்சணைக்குத் தட்டை நீட்டுகிறார்கள்; இங்கே கேட்காமலே கணக்கில் எழுதிவிட்டார்கள்! அப்படித் தானாகச் சேர்க்கக் கூடாதென்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிற்று. 2025 மார்ச்சில் டில்லி ஐகோர்ட்டும் அதையே உறுதி செய்தது. ஆகவே, 'எடுத்துவிடுங்கள்' என்று துணிந்து சொல்லுங்கள். மறுத்தால் 1915க்குப் போன் செய்யுங்கள்.

ஆனால், இதைச் சாக்காக வைத்துப் பரிமாறினவரை வெறுங்கையோடு விடாதீர்கள். கொடுப்பதை அவர் கையிலேயே கொடுங்கள். 'டேய்' என்று கூப்பிடாதீர்கள், கும்பிடை எதிர்பாராதீர்கள். அவருக்கு உரியது இனாமல்ல, சம்பளம். அதை அவர் கேட்கும் நாளில் அவர் பக்கம் நில்லுங்கள். அதுதான் சுயமரியாதை.